எங்கட கோயிலில் தாலி

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் சமாதானம் பேசத் தெரியும் என்று சுவிஸில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்த தொழில் மூக்குக்கண்ணாடி. கண்ணாடிச் சட்டம் மூக்கில் வழுக்குகிறதா, காதை அழுத்துகிறதா என்று பார்த்துத் திருத்திக் கொடுப்பேன். சட்டம் என்ற சொல்லோடு எனக்குள்ள உறவு அவ்வளவுதான். கடை இருப்பது கத்தோலிக்கர் தெருவும் புரட்டஸ்தாந்தர் தெருவும் முட்டிக்கொள்ளும் சந்தியில். இரண்டு பக்கத்தாருக்கும் கிட்டப்பார்வை ஒரே அளவுதான் என்பதைத் தவிர, அந்த ஊர் அரசியலில் நானாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் என் தங்கச்சி வசந்தியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சுவிஸில் ஜெர்மன் பேசும் பக்கத்துப் பாடனில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெரோம், பிரெஞ்சு பேசும் பக்கத்து ரெனானில் வளர்ந்த பையன். இருவரும் சுவிஸிலேயே பிறந்தவர்கள், இருவரின் பெற்றோரும் யாழ்ப்பாணத்தவர்கள். குறை ஒன்றே ஒன்று: நாங்கள் சைவம், அவர்கள் கத்தோலிக்கம். கல்யாணத்துக்கு இரண்டு தகப்பன்மாரும் சம்மதித்துவிட்டார்கள். தாலியை எங்கே வைத்துக் கட்டுவது என்பதில்தான் ஒரு வருடமாக இழுபறி. தாலியை இரண்டு தரம் கட்ட முடியாது. கட்டினால் முதல் தரம் கட்டியது என்ன என்று ஊர் கேட்கும்.

பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. வருகிற ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு அப்பாமாரும் ஒரே முடிவைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வேலையிடத்து நண்பர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துவிடுவோம், யாரும் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். சுவிஸ் சட்டப்படி எப்படியும் பதிவுதான் முதலில் நடக்கவேண்டும். மிச்சமெல்லாம் அவரவர் ஆசைக்கு.

"அக்கா, என்ரை ஒரே பிள்ளைக்குத் தாலி ஏறுறதை நான் பாக்காமல் போயிடுவனோ?" என்று வசந்தி அழுதாள். "உங்கை வெள்ளைக்காரன் என்னவோ செய்து சண்டையை நிப்பாட்டினவன்தானே. அதை வந்து இஞ்சை ஒருக்காச் செய்."

தங்கச்சி அழுதால் எனக்கு மூளை வேலை செய்யாது. புறப்பட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பாடன் நிலையத்தில் வசந்தியின் கணவர் கணேசலிங்கம் எனக்காகக் காத்திருந்தார். முப்பது வருடமாக இங்கே இருக்கிறார், ஒரு பொறித் தொழிற்சாலையில் வேலை. பச்சை விளக்கு எரியாமல் வெறும் ரோட்டைக்கூடக் கடக்கமாட்டார். நான் பெல்ஃபாஸ்ட் பழக்கத்தில் இறங்கி நடந்துவிட்டேன். மறுகரையில் நின்று, அவர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் நான் ஏதோ பாவம் செய்துவிட்ட கவலை தெரிந்தது.

விமானத்தில் என் சட்டையில் கோப்பி கொட்டிவிட்டது. துவைக்க வேண்டும் என்றேன். "இண்டைக்கு ஏலாது மச்சாள். எங்கடை நாள் செவ்வாய்" என்றார். கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் எல்லாருக்கும் பொதுவாகத் துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்பது கல்லில் எழுதியது போல. மேல்மாடிக்காரி ஒருத்தி நாள் மாறித் துவைத்ததால் இரண்டு குடும்பங்கள் வருடக்கணக்கில் வணக்கம் சொல்வதில்லையாம். பெல்ஃபாஸ்டில் எந்தச் சங்கம் எந்தத் தெருவால் மேளம் அடித்துக்கொண்டு போகலாம் என்று தீர்ப்புச் சொல்ல அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவே வைத்திருக்கிறது. நான் சட்டையைக் குளியலறையில் கையால் கசக்கிக் காயப்போட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும். வசந்தி பரிமாறினாள், கணேசலிங்கம் கேள்வி கேட்டார்.

"மச்சாள், அங்கை ரெண்டு பகுதியும் முப்பது வருசம் அடிபட்டவை. பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன மருந்து குடுத்தது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயங்கரவாதிகளோடு பேசவே மாட்டோம் என்று முன்வாசலில் நின்று சொல்லிக்கொண்டே பின்வாசலால் பேசினார்கள். பிறகு அயர்லாந்து அரசாங்கத்தையும் பக்கத்தில் இருத்தி எல்லாரையும் பேசவைத்தார்கள். இப்போது அங்கே சட்டசபைக்கு இரண்டு தலைவர்கள், பக்கத்துக்கு ஒருவர். ஒருவர் முதலமைச்சர், மற்றவர் துணை முதலமைச்சர். துணை என்பது பேச்சுக்குத்தான், அதிகாரம் சரிசமம். ஒருவர் கோபித்துக்கொண்டு எழும்பினால் மற்றவரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்படிப் போய் வருடக்கணக்கில் சபை பூட்டிக் கிடந்ததும் உண்டு. உறுப்பினர்கள் முதல் நாளே தாங்கள் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, மற்றவரா என்று பதியவேண்டும்.

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"நான் மற்றவர்."

"கெனௌ!" என்றார் கணேசலிங்கம். அப்படியேதான் என்பதற்கு இவர்கள் ஊர் ஜெர்மன் சொல். அவர் தமிழில் பேசினாலும் வசனத்துக்கு ஒன்று வந்து விழும். "அதுதான் உங்களைக் கூப்பிட்டது."

வசந்தி எனக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கணேசலிங்கம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, "வாங்கோ, ஒரு இடம் காட்டுறன்" என்றார். பாடனுக்குக் கிட்ட எண்டிங்கன் என்றொரு கிராமம், பஸ்ஸில் போகவேண்டும். இறங்கும் இடம் வருகிறது, மணியை அழுத்துங்கள் என்றார். நான் கைக்கெட்டிய நீலப் பொத்தானை அழுத்தினேன். பஸ் நின்றது. பக்கவாட்டில் மெதுவாகச் சரிந்து முழங்கால் மடித்தது. சாரதி இறங்கி வந்து ஒரு பலகையை விரித்து நிலத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பயணிகளெல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுத்தியது பிள்ளைத்தள்ளுவண்டிப் பொத்தானாம்.

சாரதி ஒரு தமிழ்ப் பையன். "ஆச்சி, வண்டில் எங்கை?" என்றான்.

ஆச்சியா! எனக்கு ஐம்பத்தாறு வயது. தலைக்குச் சாயம் அடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. என்னுடைய முகத்தைப் பார்த்து, "பிழையா விளங்காதேங்கோ... நீங்கள்தானே சமாதானத்துக்கு வந்த பெல்ஃபாஸ்ட் அன்ரி?" என்று திருத்திக்கொண்டான். பாடன் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது. தள்ளுவண்டி இல்லாமலே அந்தப் பலகையில் ராணி மாதிரி இறங்கினேன்.

எண்டிங்கனில் பழைய வீடுகள் சிலவற்றுக்கு முன்பக்கத்தில் இரண்டு கதவுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில். அந்தக் காலத்தில் யூதர்கள் இருக்கலாம் என்று அனுமதித்த கிராமம் இது. ஆனால் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று விதி. அதனால் வீடு ஒன்று, கதவு இரண்டு என்று கட்டினார்களாம். விதியும் பிழைத்தது, வாடகையும் பிழைத்தது.

"பாத்தீங்களோ, இதுதான் தீர்வு" என்றார் கணேசலிங்கம். "அவை தங்கடை கதவாலை போகட்டும், பூசை வைக்கட்டும், பாட்டுப் பாடட்டும். நான் தடுக்கேல்லை. ஆனா தாலி எங்கடை கோயிலிலை. அதிலை மட்டும் நான் விடமாட்டன், மச்சாள். என்ரை அப்பா அம்மா கட்டின மாதிரி, அம்மனுக்கு முன்னாலை."

அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. கேலிக்காரியான எனக்கே சிரிப்பு வரவில்லை. பெல்ஃபாஸ்டில் இரண்டு தெருக்களுக்கும் நடுவே சுவர் இருக்கிறது, அதில் கதவும் இருக்கிறது, பொழுதுபட்டால் பூட்டுவார்கள். சமாதானம் வந்த பிறகும் சுவர்கள் கூடினவே தவிரக் குறையவில்லை என்று சொன்னேன். அவர் யோசித்தார். அந்த நேரம் ஒரு பெண் வலப்பக்கக் கதவால் குப்பைப் பையோடு வெளியே வந்தாள், அதைத் தொட்டியில் போட்டாள், இடப்பக்கக் கதவால் உள்ளே போனாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சனிக்கிழமை நான் தனியாக ரெனானுக்குப் போனேன், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க. ரயிலில் இடம் தேடி மேல்தட்டுக்கு ஏறினால் ஒரு பெட்டி முழுக்க விளையாட்டுத்திடல்: சறுக்குமரம், பிளாஸ்டிக் முதலை, ஏறுவதற்கு வலை. பிள்ளைகளோடு வருபவர்களுக்கான பெட்டியாம். எனக்கு வேறு இடம் தேட அலுப்பு, அங்கேயே முதலைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். இரண்டு வாண்டுகள் சறுக்குமரத்துக்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தாய் கைத்தொலைபேசியில் இருந்து கண்ணை எடுக்காமல் ஜெர்மனில் ஏதோ சொன்னாள், சண்டை நின்றுவிட்டது. எதிரே இருந்தவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஒருவன் அழுதால் இரண்டு பேரும் இறங்கவேண்டும் என்கிறாள்" என்றார். பெல்ஃபாஸ்ட் சட்டசபையின் அரசியல் யாப்பே அதுதான். அவளுக்கு அது ஒரு வசனத்தில் முடிந்துவிட்டது.

பாதி வழியில் ஒலிபெருக்கி கட்சி மாறியது. அதுவரை ஜெர்மன் முதலும் பிரெஞ்சு பிறகுமாக வந்த அறிவிப்பு, பிரெஞ்சு முதலும் ஜெர்மன் பிறகுமாக வரத் தொடங்கியது. யாரும் ஊர்வலம் போகவில்லை. கொடி எரிக்கவில்லை. எல்லாரும் சன்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெரோமின் தகப்பன் அருளப்பு அண்ணை லூசானில் ஓர் ஓட்டலில் சமையல்காரர். வீட்டிலும் அவரே சமைத்திருந்தார். நண்டுக்கறி, றால் பொரியல், மீன்சொதி, பக்கத்து மலைத் தோட்டத்து வெள்ளை வைன். மனைவி றெஜினா சோற்றைப் போட்டுவிட்டு, "வசந்தி சாப்பிடுறவவோ? நித்திரை கொள்ளுறவவோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சம்பந்தி மேல் இவ்வளவு கரிசனையா என்று நினைத்துக்கொண்டேன்.

"சாப்பாட்டிலை நான் விட்டுத்தாறன், தங்கச்சி" என்றார் அருளப்பு. "மத்தியானம் சைவம் எண்டா சைவம். செத்தவீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும், பரவாயில்லை. ஐயர் ஓமம் வளக்கட்டும், புகையட்டும். ஆனா தாலி எங்கடை கோயிலிலை. பீடத்துக்கு முன்னாலை ஃபாதர் ஆசீர்வதிச்சுக் குடுக்க, என்ரை பெடியன் கட்டவேணும். வொலா!" கணேசலிங்கத்தின் கெனௌ எதுவோ அதுவே இவருடைய பிரெஞ்சு வொலா.

எனக்குக் கையில் இருந்த நண்டுக்கால் நழுவியது. தாலி எங்கடை கோயிலிலை. நேற்றுக் கணேசலிங்கம் சொன்ன அதே வசனம், எழுத்துப் பிசகாமல்! யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். மாதா கோயில், அந்தோனியார் கோயில். சைவருக்கும் கோயில் கோயில்தான். அவருக்கு ஒரு கோயில், இவருக்கு ஒரு கோயில், வசனம் மட்டும் ஒன்று.

அருளப்பு என் யோசனையைக் கவனிக்கவில்லை. நண்டு ஓட்டைக் கடித்து உடைத்தபடி, "ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது" என்றார். "எங்களையும் பிரிட்டிஷ்காரர்தானே ஆண்டவை. போகேக்கை ஒரு யாப்பை எழுதி, அதிலை சிறுபான்மைக்கெண்டு ஒரு பிரிவை வைச்சுப்போட்டுக் கப்பலேறிட்டினம். அந்தப் பிரிவு எங்களை எவ்வளவு காப்பாத்தினது எண்டு நாங்கள் ரெனானிலை இருந்து நண்டு தின்னுறதிலை தெரியுது. பெல்ஃபாஸ்டிலை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப இருந்து கதைச்சவை?"

"அது அவையின்ரை வீடு, அண்ணை. குண்டு லண்டனிலையும் வெடிச்சது. நாங்கள் வாடகை வீடு. விட்டுட்டுப் போட்டினம்."

அவர் தலையை ஆட்டினார். நான் அந்த அரசாங்கத்தின் கடவுச்சீட்டை வைத்திருக்கிறவள். அவர்களுடைய சமாதானத்தால் நிம்மதியாகக் கடை திறந்து மூடுகிறவள். இந்தக் கேள்வி எனக்குள்ளும் கனகாலமாகக் கிடக்கிறது, வாய்விட்டுக் கேட்டவர் இவர்தான்.

ஆனாலும் திரும்பும் ரயிலில் என் மூளை அந்த ஒற்றை வசனத்தையே சுற்றியது. பிரிட்டிஷ்காரர் உடன்படிக்கை எழுதும் வித்தையே இதுதானே! இரண்டு பக்கமும் தாங்கள் வென்றதாக வாசிக்கக்கூடிய வசனத்தை எழுதுவது. மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது. அயர்லாந்தோடு சேரப் பெரும்பான்மைக்கு விருப்பம் இருப்பதாக லண்டன் அமைச்சருக்குத் தோன்றினால் வாக்கெடுப்பு வைக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எப்போது தோன்றும், எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தோன்றும் என்று எழுதவில்லை. அந்த வசனத்தை நம்பி ஒரு நாடு இத்தனை வருடம் அமைதியாக இருக்கிறது.

பாடனில் கணேசலிங்கத்திடம், "தாலி எங்கடை கோயிலிலை எண்டதுக்கு அருளப்பு அண்ணை ஓம்" என்றேன். அவர் கண்கலங்கி, "நான் நினைக்கேல்லை மச்சாள், அந்த மனுசனுக்கு இவ்வளவு பெரிய மனசு எண்டு" என்றார். உள்ளறைக்குள் போய் அருளப்புவுக்குத் தொலைபேசி எடுத்து, கணேசலிங்கம் அதே வசனத்துக்கு ஓம் என்றதாகச் சொன்னேன். அவர் மாதாவுக்கு நன்றி சொன்னார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகும்போது தரையில் எல்லை வராது என்று ஒரு பக்கத்துக்கும் கடலில் எல்லை வராது என்று மறுபக்கத்துக்கும் லண்டன் சொன்னதும், கடைசியில் எல்லை கடலுக்குள் போய் விழுந்து எங்கள் கடைகளுக்குச் சொசேஜ் வருமா வராதா என்று சண்டையானதும் எனக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு எல்லாரும் பீலில் கூடினோம். பிள்ளைகள் இருவரும் வேலை செய்வது அந்த ஊரில்தான். அதற்கு ஜெர்மனில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர். நிலையப் பலகையில் நடுவே ஒரு சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். வட அயர்லாந்திலும் அப்படி இரண்டு பெயருள்ள ஒரு நகரம் உண்டு, எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே உங்கள் சாதகத்தைச் சொல்லிவிடுவார்கள். இங்கே கடைக்குள் போனால் நீங்கள் எந்த மொழியில் வாயைத் திறந்தீர்களோ அந்த மொழியில் பதில். நான் ஆங்கிலத்தில் திறந்தேன், பாண்கடைப் பெண் கொஞ்சம் ஏமாந்துபோனாள்.

நிவேதாவும் ஜெரோமும் ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடியில் இருக்கிறார்கள் என்பது இரண்டு குடும்பங்களின் உத்தியோகபூர்வ நிலைப்பாடு. கதவில் பெயர்ப்பலகையைப் பார்த்தேன்: இரண்டு பெயர், நடுவே ஒரு சாய்கோடு. கணேசலிங்கம் கூரையைப் பார்த்தார். அருளப்பு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நண்டும் வேண்டாம் சாம்பாரும் வேண்டாம் என்று சுவிஸ்காரரின் ராக்லெட் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு குட்டிச் சட்டியில் சீஸை உருக்கி அவித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. அவரவர் சட்டி, அவரவர் விருப்பம். வசந்தி தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள்.

"கணேசலிங்கம், உங்கடை பெரிய மனசுக்கு நான் என்ன சொல்ல" என்றார் அருளப்பு.

"சீச்சீ, விட்டுக்குடுத்தது நீங்கள். நீங்கள்தான் மனுசன்."

இரண்டு பேரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். நான் இன்னொரு சட்டி சீஸ் உருக்கினேன்.

"அப்ப நாளைக்கே ஃபாதரிட்டைத் திகதி சொல்லிவிடுறன்."

"தாராளமாச் சொல்லுங்கோ. அவருக்கும் ஒரு கதிரை போடுவம், ஐயருக்குப் பக்கத்திலை."

"ஐயர் கோயிலுக்கை என்ன செய்யிறார்?"

"ஐயர் கோயிலுக்கை இல்லாமல் வேறை எங்கை நிப்பார்?"

"எங்கடை கோயிலுக்கையோ?"

"உங்கடை கோயிலோ? எங்கடை கோயில்!"

சீஸ் கருகும் மணம் வந்தது. நிவேதா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்.

"அப்பா, நான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது, நாம் எண்டா கேக்கிற ஆளையும் சேத்து, நாங்கள் எண்டா கேக்கிற ஆளை விட்டுட்டு. நீங்கள் ரெண்டுக்கும் எங்கடை, எங்கடை எண்டுதான் கதைக்கிறீங்கள். இது எந்த எங்கடை?"

"எங்கடை எண்டா எங்கடை!" என்றார்கள் இரண்டு தகப்பன்மாரும் ஒரே மூச்சில்.

ஜெரோம் எழுந்து தன் ஜக்கெற்றை எடுத்தான். "சாப்பாடு முடிஞ்சுது. அப்ப நாங்கள் ரெண்டு பேரும் தனியப் பதியுறம்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், அதுதான் பயமாக இருந்தது. வசந்தியைப் பார்த்தேன். ஊறுகாய்ப் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ இறுகிவிட்டது. எல்லாம் என்னால்தான் கெட்டது.

கணேசலிங்கம் என் பக்கம் திரும்பினார். "மச்சாள், நீங்கள் இவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

"உங்களுக்குச் சொன்னதைத்தான்."

"எனக்கும் அதைத்தான் சொன்னவ!" என்று அருளப்பு எழும்பினார். "ரெண்டு பேருக்கும் ஒரே கதை, ரெண்டு கருத்து! அப்பம் பங்கிட்ட குரங்கு!"

"கெனௌ! பிரிட்டிஷ்காரன் செய்த அதே வேலை!"

"எங்கடை தலையிலை இவை எத்தினை தரம்தான் மிளகாய் அரைப்பினம்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது அதற்கென்று ஒரு கச்சேரி இருக்கும். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "தங்கச்சி, நீங்கள் ஒருக்கா வெளியிலை நில்லுங்கோ" என்றார் அருளப்பு. "ஓம், வெளியிலை நில்லுங்கோ" என்றார் கணேசலிங்கம். அந்த ஒரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அது.

மாடிப்படியில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வசந்தி வந்து கதவை மெல்லச் சாத்திவிட்டு என் பக்கத்தில் இருந்தாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளடி" என்றேன். "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன்."

"இல்லை அக்கா. உள்ளுக்கை என்ன கதைக்கினம் எண்டு கேள்."

கேட்டேன். "கோயில் எண்டு தொடங்கினாலே இந்தக் குழப்பம்தான்" என்றது கணேசலிங்கத்தின் குரல். "ஒரு மண்டபத்திலை வைச்சுக் கட்டினா என்ன? ஃபாதரும் வரட்டும், ஐயரும் வரட்டும்." "அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்" என்றார் அருளப்பு. "அந்த மனுசி எங்களைக் கதைக்க விட்டாத்தானே!"

"மண்டபம் எடுத்தாச்சு" என்றாள் வசந்தி. "றெஜினாவும் நானும் ஒவ்வொரு கிழமையும் கதைக்கிறனாங்கள். மண்டபம், சாப்பாடு, கூறைச்சேலை எல்லாம் ரெண்டு பேரும் பாத்துச் சொல்லியாச்சு."

வெள்ளிக்கிழமை ஒரு தகப்பனோடு, சனிக்கிழமை மற்றத் தகப்பனோடு. இரண்டு தாய்மாரிடமும் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெல்ஃபாஸ்டிலும் பெண்கள் தனியாக ஒரு கட்சியே கட்டித்தான் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இடம் பிடித்தார்கள்.

"அப்ப என்னை ஏனடி கூப்பிட்டனி?"

"நாங்கள் சொல்லி அவை கேட்டா அது தோல்வி. ஒருத்தர் மற்றவருக்கு விட்டுக்குடுத்தாலும் தோல்வி. ரெண்டு பேரும் சேந்து ஏசுறதுக்கு வெளியாலை ஒரு ஆள் வேணும். நீ என்ன செய்வாய் எண்டு எனக்குத் தெரியாது அக்கா. ஆனா என்ன செய்தாலும் ரெண்டு பேரும் உன்னை ஏசுவினம் எண்டு தெரியும்."

லண்டனில் இருந்து மாறி மாறி வரும் அந்த அமைச்சர்கள் எங்கள் ஊரில் என்னதான் செய்கிறார்கள் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அதுக்கு உனக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

"வேறை ஆரை ஏசினாலும் கோவிச்சுக்கொண்டு போயிடுவினம்" என்றாள் வசந்தி. "நீ போகமாட்டாய்."

அவள் அழத் தொடங்கினாள். உள்ளே நிவேதா சிரிப்பது கேட்டது, கதிரைகளை மேசையருகே இழுக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடி விற்கிறவளுக்கு அரசியல் எதற்கு என்று ஒரு தகப்பன் சொல்ல, மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். எந்தத் தகப்பன் என்று குரலை வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிக் கதவுப்பிடியில் கை வைத்தாள். நான் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

"திறக்காதை" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஏசட்டும்."